தூக்க முடியாத கை

எங்கள் ஜவுளிக்கடையில் புடவை காட்டும் பெண்களின் டேப்லெட்டில் உள்ள சிஸ்டத்தையே பில் போடும் எங்கள் கம்ப்யூட்டரிலும் ஏற்றி, மவுஸைப் பிடுங்கிவிட்டார் மேனேஜர் துரைசிங்கம்.

"எல்லாத்துக்கும் ஒரே சிஸ்டம். திரையைத் தொட்டு வேலை பாருங்க. முடியாதவங்க கிளம்பலாம்."

நாள் முழுக்கத் திரையை எட்டி எட்டித் தொட்டதில், தலை பின்னக்கூட எனக்குக் கை எழவில்லை. வேலை போய்விடுமோ என்று வாயைத் திறக்கவில்லை.

முதலாளி வந்தார். "புது சிஸ்டம் பிடிச்சவங்க கை தூக்குங்க!" என்றார் மேனேஜர். டேப்லெட் பெண்கள் தூக்கினார்கள். பில் பக்கம் ஒரு கையும் எழவில்லை.

"ஏம்மா?" என்றார் முதலாளி.

பக்கத்து சீட் ரஞ்சிதம் எழுந்தாள். "காலையிலேர்ந்து அந்தத் திரைக்கே கையைத் தூக்கிட்டு இருந்தோங்கய்யா. இப்போ உங்க முன்னால தூக்க எங்களுக்குத் தெம்பில்லீங்க."

முதலாளி மேனேஜரையே பில் போட உட்காரவைத்தார். சற்று நேரத்தில் மேனேஜரும் தன் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"கையில வச்சிருக்கிற டேப்லெட்டுக்குத்தான் அது. மேஜைக்குப் பழைய மவுஸே போதும்" என்றார் முதலாளி.

இன்று என் தலையை நானே பின்னினேன். எனக்கென்று வாங்கிய மல்லிகையை ரஞ்சிதத்தின் தலையில் வைத்துவிட்டேன்.