அரிவாள்மணை பலகையை விட்டு இறங்கிய கதை

அந்தக் காலத்தில் அடுக்களைச் சாமான்கள் எல்லாம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தன. ஆடு மாடு பேசியது எல்லோருக்கும் தெரியும். அகப்பையும் அம்மியும் பேசியது சமைக்கிறவர்களுக்கு மட்டும்தான் தெரியும், அவர்கள் வெளியே சொன்னதில்லை. இந்தக் கதையில் பீட்சா வரும், அப்போது பீட்சா ஏது என்று இடையில் கேட்கக் கூடாது. கொட்டிலில் எருமை எழுந்து நின்று, "இன்னிக்குப் பால் கெட்டியா இருக்கு, பாலாடைக்கட்டி போட்டுக்குங்க" என்று தானாகவே சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. அதை நம்புகிறவர்கள் பீட்சாவையும் நம்பலாம்.

காவிரிக் கரையில் ஒரு வீடு. அண்ணன் தம்பி இருவர், ஒரே அடுப்பு. அண்ணன் மனைவி தையல்நாயகி, தம்பி மனைவி வேம்பு. ஓரகத்திகள் என்றால் அடித்துக்கொள்வார்கள் என்று ஊர் எதிர்பார்க்கும். இவர்கள் ஊரை ஏமாற்றிவிட்டார்கள். ஒருத்தி மாவு பிசைந்தால் மற்றவள் தக்காளி வதக்குவாள், இரண்டு பேரும் சேர்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். தையல்நாயகிக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. வேம்பு வந்த பிறகுதான் அந்தக் குறை தீர்ந்தது என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

ஊரில் மற்றவர்கள் சுட்ட பீட்சா அப்பளத்துக்கு அண்ணன் மாதிரி இருக்கும். தையல்நாயகியின் பீட்சா அப்படியில்லை. குழிவான இரும்புச் சட்டியில் மாவைப் பரப்பி, விளிம்போடு விளிம்பாகச் சுவர் எழுப்புவாள். அதற்குள் பாலாடைக்கட்டி, அதன்மேல் வதக்கிய காய், எல்லாவற்றுக்கும் மேலே தக்காளித் தொக்கு. மூடி போட்டு, மேலும் கீழும் தணல் வைத்து வேகவிடுவாள். வெந்து இறங்கும்போது நான்கு விரல் உயரம் நிற்கும். அந்த வாசனைக்குத் தெரு நாய்கள்கூடப் பேச்சை நிறுத்திவிடும். நல்ல நாள் பெரிய நாள் வந்தால் அந்த வீட்டில் பாயசத்தைக் கேட்பாரில்லை.

இவ்வளவு அருமையாகச் சுட்டதை வெட்டுவதற்கு அவள் எடுத்தது சோமாசிக் கரண்டியை. சோமாசியின் ஓரத்தை வெட்டுவதற்காக அதன் முனையில் ஒரு சின்னப் பல் சக்கரம் இருக்குமே, அதுதான். உருண்டைப் பொருளை உருளும் கருவி வெட்டட்டும் என்று நினைத்தாள். நாமாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்போம். சக்கரத்துக்கோ தலைகால் புரியவில்லை. "இழு, இழு, நான் பாத்துக்கறேன்" என்று கிறுகிறுவென ஓடும்.

பெரிய பீட்சாவை நடுக்கூடத்தில் வைப்பார்கள். தையல்நாயகியின் பக்கத்தில் அவள் கணவனும் பிள்ளைகளும். எதிர்ப்பக்கத்தில் வேம்பும் அவள் கணவனும் பிள்ளைகளும். தையல்நாயகி எதிர்ப்பக்க ஓரத்தில் சக்கரத்தை வைத்துத் தன் பக்கமாக இழுப்பாள். பிறகு அவரவர் முன்னால் இருப்பதை அவரவர் எடுத்துக்கொள்வார்கள். இப்படியே பொங்கல் போனது, சித்திரை போனது. ஆடிப்பெருக்கு அன்று வேம்புவின் சின்ன மகள் தட்டைத் தூக்கிக் காட்டினாள்.

"அம்மா, எனக்கு இன்னிக்கும் வெறும் ரொட்டிதான் வந்திருக்கு."

எதிரே இருந்த தட்டுகளில் பாலாடைக்கட்டி வழிந்துகொண்டிருந்தது. வேம்பு சாப்பிட்டு முடித்தாள். பாத்திரம் கழுவும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"பிள்ளைங்களுக்கு வித்தியாசம் தெரியாதுன்னு நெனச்சிட்டீங்களாக்கா?"

"என்ன பேச்சு வேம்பு இது? என் கையைப் பாத்தா அப்படியா தெரியுது உனக்கு?"

"கையைப் பாக்கலக்கா. தட்டைப் பாத்தேன்."

தான் வேண்டுமென்று எதையும் செய்யவில்லை என்பது தையல்நாயகிக்குத் தெரியும். ஆனால் தட்டில் இருந்ததும் உண்மைதான். மறுநாள் வேம்பு களிமண் குழைத்து, கொல்லைத் தாழ்வாரத்தில் தனக்கென்று ஒரு அடுப்புப் போட்டாள். காய்ந்ததும் வருகிற வெள்ளிக்கிழமை மூட்டப்போவதாகத் தன் கணவனிடம் சொன்னாள். அண்ணனும் தம்பியும் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அந்த வீட்டு ஆண்கள் இம்மாதிரி நேரங்களில் தரையைப் பார்ப்பதில் கெட்டிக்காரர்கள்.

அடுப்பு இரண்டானால் பேச்சும் இரண்டாகிவிடும் என்று தையல்நாயகிக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு பீட்சா சுட்டாள். ஒன்று வெட்டிப் பார்ப்பதற்கு, ஒன்று பரிமாறுவதற்கு. சாமான்களை எல்லாம் வட்டமாக நிறுத்திக் கேட்டாள்.

"வச்சது வச்ச இடத்துல இருக்கணும். மேலே இருக்கறது மேலே, கீழே இருக்கறது கீழே. உங்கள்ல யாரால அப்படி வெட்ட முடியும்?"

சமையல் கத்தி முதலில் வந்தது. அறுத்து அறுத்துப் போனதில் பாலாடைக்கட்டி நூல் நூலாக அதன் பின்னாலேயே போய்விட்டது. "நான் காய்க்குப் பழகினவன்" என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டது. அடுத்து வழக்கம்போலச் சக்கரம். அதை வைத்து இழுக்கும்போது வட்டத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"கொஞ்சம் நிறுத்து தாயி. அச்சைப் பாரு."

பேசியது அரிவாள்மணை. பெரிய குடும்பத்துக்கென்று அகலமான பலாப்பலகையில் செய்தது. அதில் நிமிர்ந்து நிற்கும் அலகு, தட்டின் ஓரத்தைப் போல வளைந்து, ஒரு முழத்துக்கும் மேல் நீளம், நுனியில் தேங்காய் துருவும் பற்கள். பீட்சா வெட்டும் நாட்களில் பிள்ளைகள் காலில் படக் கூடாதென்று அதைச் சுவரைப் பார்க்கச் சாய்த்து வைப்பார்கள். அதனால் இத்தனை நாளும் அது இதைப் பார்த்ததே இல்லை. இன்றுதான் எல்லாரோடும் வட்டத்தில் நின்றது.

"சக்கரத்துல பாதிதான் உள்ளே இறங்கும். அதுக்கு மேல போனா நடுவுல இருக்கற அச்சு முட்டுது. முட்டினதும் உருளாம எல்லாத்தையும் வழிச்சிக்கிட்டு வருது. வழிச்சதெல்லாம் நீ இழுத்து நிறுத்தற இடத்துல குவியுது. அந்தப் பக்கம் யாரு உக்காருவாங்க?"

தையல்நாயகி பார்த்தாள். தன் முழங்கால் இருக்கும் பக்கம் தொக்கும் பாலாடைக்கட்டியும் மேடாகக் குவிந்திருந்தன. எதிர்ப்பக்கம் ரொட்டி மொட்டையாகக் கிடந்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. சக்கரமும் தலையைக் கவிழ்த்துக்கொண்டது. "மெல்லிசா இருந்தா மட்டும் இனிமே என்னைக் கூப்பிடு" என்றது.

அவள் கொல்லைக்கு ஓடினாள். வேம்பு சுள்ளி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"வேம்பு, தப்பு சக்கரத்தோடது. அச்சு முட்டுது."

"இப்போ சக்கரத்து மேல பழியாக்கா?" வேம்பு நிமிரவே இல்லை.

"வேற ஒண்ணால வெட்டிக் காட்டறேன். வந்து பாத்துட்டு அப்புறம் மூட்டு."

வேம்பு சுள்ளியை அடுக்கிக்கொண்டே இருந்தாள். தையல்நாயகி உள்ளே வந்து அரிவாள்மணையின் முன்னால் உட்கார்ந்தாள். ஏற்கெனவே குதறிப்போன முதல் பீட்சாவைச் சட்டியிலிருந்து எடுத்து, இரண்டு கையாலும் தூக்கி அலகிடம் கொண்டுபோனாள். பாதி வழியிலேயே அது நடுவில் வளைந்து, உள்ளே இருந்ததெல்லாம் அவள் மடியில் சரிந்தது.

"எல்லாக் காயும் என்கிட்ட வந்துதான் வெட்டுப்பட்டுது. இது வராது. நான்தான் போகணும்" என்றது அரிவாள்மணை. பிறகு, நாளைக்குப் பூசணிக்காய் உண்டா என்று கேட்கிற அதே குரலில், "அடியில இருக்கற ஆணியைத் தட்டிவிடு. அலகைத் தனியா எடு" என்றது.

"உனக்குப் பேச்சு போயிடுமே."

"போகும். அலகு நாக்கு, பலகை வாய். ரெண்டும் சேந்திருந்தாதான் பேச்சு."

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த முதல் நாள், புது இடத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றவளை, "வா, வந்து என்மேல உக்காரு, வெங்காயம் இருக்கு" என்று கூப்பிட்டது இந்த அரிவாள்மணைதான். வேம்பு வருவதற்கு முன்னால் அவளுக்குப் பேச்சுத்துணை அது ஒன்றுதான். வெங்காயம் வெட்டுவதால்தான் கண்ணீர் வருகிறது என்று எல்லாரும் நம்பும்படி எத்தனையோ அழுகையை அது மறைத்துக் கொடுத்திருக்கிறது. அவள் முடியாது என்று தலையாட்டினாள்.

"இந்த வீட்டுல யாராவது பிரிஞ்சுதான் ஆகணும்னா, நாங்க பிரியறோம் தாயி. நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டு இருங்க."

இப்படிச் சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்? வருடக்கணக்காகப் பூசணியையும் வாழைத்தண்டையும் வெட்டிக்கொண்டு ஒரு மூலையில் கிடந்த சாமான் அது. யாரும் அதைப் பாராட்டி ஒரு வார்த்தை சொன்னதில்லை. தையல்நாயகி முந்தானையால் அலகின் முதுகை ஒருமுறை துடைத்தாள். அம்மிக் குழவியை எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு ஆணியைத் தட்டினாள்.

அலகு கழன்று கையோடு வந்தது. "வலிச்சுதா?" என்று கேட்டாள். பதில் இல்லை. பலகையைக் கேட்டாள். அதுவும் பேசவில்லை.

அழுதுகொண்டிருக்க நேரமில்லை, சட்டியில் இரண்டாவது பீட்சா ஆறிக்கொண்டிருந்தது. அலகின் ஒரு முனையில் பழைய அகப்பையின் காம்பைச் சொருகினாள். மறுமுனையில் இருந்த துருவல் பற்கள் கையைக் கிழிக்குமென்று, உடைந்த மத்தின் கட்டையை அதில் ஏற்றி இறுக்கினாள். பலகையைக் கழுவித் தரையில் வைத்து, பீட்சாவை அலுங்காமல் அதன்மேல் நகர்த்தினாள். அலகைக் குறுக்கே வைத்தாள். வளைந்த வாய் கீழே, பிடிகள் இரண்டும் மேலே. ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரைக்கும் நீளம் சரியாக இருந்தது. இழுக்க வேண்டியதே இல்லை, முட்டுவதற்கு அச்சும் இல்லை.

இரண்டு பிடியையும் பிடித்து, உடம்பின் பலத்தை எல்லாம் கூட்டி ஒரேயடியாக அமுக்கினாள். அலகு கொஞ்சம் இறங்கியது. அதற்குள் பீட்சா நசுங்கி, மாவுச் சுவர் வெளியே பிதுங்கியது. பயந்துபோய்க் கையை நிறுத்தினாள். மிச்சம் இருந்த ஒரே பீட்சா அதுதான்.

"அக்கா, ரெண்டு பக்கமும் சேத்து அமுக்காதீங்க."

வேம்பு கதவருகில் நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ தெரியாது. கழன்ற ஆணி தரையில் கிடப்பதையும் தையல்நாயகியின் முகத்தையும் பார்த்துவிட்டாள். அரிவாள்மணையோடு அக்காவுக்கு இருந்த ஒட்டுதல் அந்த வீட்டில் அவளைவிட யாருக்குத் தெரியும்? எதிரே வந்து உட்கார்ந்து மத்துக் கட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க அந்தப் பக்கம் அமுக்குங்க. நான் அமுக்கும்போது நீங்க விட்டுக்குடுங்க."

தையல்நாயகி அமுக்கினாள், வேம்பு விட்டுக்கொடுத்தாள். வேம்பு அமுக்கினாள், தையல்நாயகி விட்டுக்கொடுத்தாள். அலகு தொட்டிலைப் போல இப்படியும் அப்படியும் ஆடி ஆடி இறங்கியது. தொக்கைத் தாண்டியது, பாலாடைக்கட்டியைத் தாண்டியது, அடிமாவைத் தாண்டியது. கடைசியில் பலகையைத் தொட்டு, 'டக்' என்றது.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அலகைத் திருப்பி வைத்தார்கள். மறுபடி ஒரு 'டக்'. மறுபடி ஒன்று. துண்டுகளைத் தூக்கியபோது ஒவ்வொன்றும் சுவர் போல நின்றது. வைத்தது வைத்த இடத்தில் இருந்தது. இந்தப் பக்கத் துண்டுக்கும் அந்தப் பக்கத் துண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. எல்லாரையும் கூப்பிட்டுப் பரிமாறினார்கள். வேம்பு எல்லாத் தட்டுகளையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். சின்ன மகள் ஒன்றும் சொல்லவில்லை, வாய் நிறைய இருந்தது.

"நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுக்கா."

"உன் இடத்துல நானா இருந்தா அன்னைக்கே பேசியிருப்பேன். சாப்பிடு, ஆறிடப்போவுது."

"கொல்லை அடுப்பு சும்மாத்தான் இருக்கு" என்றாள் வேம்பு. "அடுத்த தடவை அதுல ஒரு சட்டி, இதுல ஒரு சட்டி வச்சிரலாமா? ரெண்டும் ஒரே நேரத்துல வெந்துரும்."

தையல்நாயகி சிரித்தாள். எழுந்து போய் அலகைக் கழுவித் துடைத்துக் காதோரம் வைத்துப் பார்த்தாள். ஒரு சத்தமும் இல்லை. பலகைமேல் வைத்து மெதுவாக ஆட்டினாள். 'டக்' என்றது. இன்னொரு முறை ஆட்டினாள். இன்னொரு முறை சொன்னது. அவளுக்கு மனசு கொஞ்சம் ஆறியது.

அன்று முதல்தான் மெல்லிய பீட்சா மேல் சக்கரம் ஓடுகிறது, தடித்த பீட்சாவுக்கோ இரண்டு பக்கமும் பிடி வைத்த வளைந்த அலகு வருகிறது. வெட்டுகிறவர் தனி ஆளாக இருந்தாலும் ஒரு கை அமுக்கும்போது மறு கை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். அடிவரை இறங்கிவிட்டது என்று சொல்லும் அந்த 'டக்' இருக்கிறதே, அது அலகும் பலகையும் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கு மிச்சம் வைத்துக்கொண்ட ஒரே வார்த்தை.