முதலில் விட்ட மீன்

இந்தக் கதையைக் கடற்கரையில் சொல்கிறவர்கள் மீனின் நிறத்தில் மட்டும்தான் வேறுபடுவார்கள். வடக்கே சொல்வோர் கறுப்பு என்பர். தெற்கே சொல்வோர் நீலம் என்பர். தெற்கத்தியார் அதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் என்பதால் நாமும் நீலமென்றே கொள்வோம். மற்றதில் இரு சாராருக்கும் பிணக்கில்லை.

சங்கன்துறையில் ஒரு சிறு மடம் இருந்தது. அதை நடத்தியவர் மங்கையர்க்கரசி அம்மை. அவரிடம் முதன்முதலாக வந்து சேர்ந்த சீடர் திருமேனி. துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்கி ஓய்வுபெற்றவர். வயதில் அம்மையைவிட மூத்தவர்.

கடல் கொந்தளிக்கும் நாட்களில், படகில் போனவர்கள் திரும்பும்வரை, துறைப் பெண்கள் மடத்துக் கூடத்தில் வந்து அமர்ந்திருப்பார்கள். அவர்கள் கடலையே பார்த்துக் கண் பூத்துப்போவதைக் கண்ட கப்பல் முகவர் ஒருவர், தம் மகன் உயிரோடு கரைசேர்ந்த நன்றிக்காக, கூடத்தின் மேற்குச் சுவர் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி கட்டிக் கொடுத்தார். அதில் கடல்நீர் நிரப்பி, ஒன்றோடொன்று ஒத்து வாழும் மீன்களாகப் பார்த்து விட வேண்டும். பொறுப்பு திருமேனியிடம் வந்தது.

அவர் எடை பாராமல் எதையும் தூக்கியவர் அல்லர். முத்துக்குளித்துறையில் மூழ்கி மீன் பிடிக்கும் சவேரியானை அழைத்து விசாரித்தார்.

"கலவாய் வேண்டாம். சின்னதை முழுங்கிரும்," என்றார் திருமேனி.

"சரி."

"கிளாத்தி வேண்டாம். பல்லு பொல்லாதது."

"பொண்ணு பாக்குறதுக்கு மேல பாக்குதிய அண்ணாச்சி," என்றார் சவேரியான். "ஜாதகம் வாங்கியாரவா?"

புது நீர் பொறுக்குமா என்று பார்க்கவேண்டியிருந்தது. அதனால் முதலில் ஒரே ஒரு மீனை விட்டார் திருமேனி. கட்டைவிரல் அளவு, நல்ல நீலம், எதையும் தாங்கும் என்று சவேரியான் உறுதி சொன்ன மீன். அது தாங்கியது. தொட்டியின் நடுவே அடுக்கியிருந்த கற்களின் குகையில் குடியேறியது.

அதன்பிறகு சாதுவான வண்ணாத்தி மீன் இரண்டை விட்டார். மறுநாள் அவற்றின் வால் கிழிந்திருந்தது. கடலிலேயே கொண்டு விட்டார். நீல மீனைப்போல் ஐந்து மடங்கு பெரிய கிளிமீனை விட்டார். அது மூலையில் ஒண்டி, போட்ட இரையைத் தொடாமல் கிடந்தது. அதையும் கொண்டு விட்டார். அடுத்து வந்தவற்றுக்கும் இதே கதிதான்.

காற்று அடித்த ஒரு நாள் கூடத்தில் வந்து அமர்ந்த சவேரியானின் மனைவி பிரகாசி தொட்டியைப் பார்த்துச் சொன்னாள்:

"கொழம்புல பாத்த மீனு குடித்தனம் நடத்துறதப் பாக்கலாம்னு வந்தா, இம்புட்டுப் பெரிய வீட்டுல ஒத்த ஆளுதான் இருக்கான். அவனும் மொறைக்கான்."

பெண்கள் சிரித்தார்கள். கடலைப் பாராமல் அவர்கள் சிரித்தது அன்றுதான். திருமேனிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

மடத்திலும் ஆள் தங்கவில்லை. அம்மையிடம் கற்க வந்தவர்கள் சில மாதங்களில் கிளம்பிவிடுவார்கள். "ஒத்துவரல," என்பார் திருமேனி. கூடத்தின் தெற்குத் தூணடி அவருடைய இடம். மணி அடிப்பதும் விளக்குத் திரி தூண்டுவதும் அவருடைய வேலை. அம்மைக்கு அப்படி இடமென்று ஒன்றில்லை. ஒருநாள் வாசலோரம், ஒருநாள் அடுக்களைப் பக்கம். அது ஞானிகளின் இயல்பு என்று வந்தவர்களிடமெல்லாம் திருமேனி பெருமையாகச் சொல்வார்.

கடைசியாக வந்தவர் பேச்சிமுத்து. பேருந்தில் நடத்துநராக இருந்தவர். கடைசி இருக்கைவரை கேட்கும் குரல். ஆனால் நெஞ்சில் இளைப்பு. வந்த அன்றே தெற்குத் தூணில் சாய்ந்துவிட்டார்.

"அங்க உக்காராதப்பா."

"ஏன் அண்ணாச்சி, ஒழுகுமா?"

"அது என் இடம்."

பேச்சிமுத்து நகர்ந்துகொண்டார். மணியைத் தொட்டார், அதற்கும் ஒரு சொல். சொம்பை எடுத்தார், அதற்கும் ஒரு சொல். ஒரு காலையில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"நான் எறங்கிக்கிடுதேன் அண்ணாச்சி. இந்த வண்டியில எல்லா சீட்டும் ரிசர்வு போல."

திருமேனி தடுக்கவில்லை. அடுக்களை வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மையிடம் போனார்.

"அம்மை, ரெண்டு விஷயம் கேக்கணும்."

"கேளுங்க."

"நீல மீனோட ஒத்துப்போற மீன் எது? கடல்ல உள்ளதெல்லாம் விட்டுப் பாத்தாச்சு."

"இன்னொண்ணு?"

"பேச்சிமுத்து கெளம்புறான். போகட்டுமா? மடத்துக்கு ஒத்துவரல."

அம்மை கீரையை ஒதுக்கிவைத்து எழுந்தார். கூடத்துக்கு வந்து பேச்சிமுத்துவிடம், "கொஞ்ச நாள் இருந்துட்டுப் போங்க. இவர் வெளிய போறார், கைக்கு ஆள் வேணும்," என்றார்.

"நான் எங்க போறேன்?" என்றார் திருமேனி.

"மொதல்ல மீனைப் பிடிங்க."

திருமேனி வலையை வைத்துக்கொண்டு முழங்கை நனையத் துழாவி, குகையிலிருந்து நீல மீனைப் பிடித்து ஒரு வாளியில் விட்டார். வாளி நீருக்குக் காற்றூட்டும் குழாயை அம்மை எடுத்துக் கொடுத்தார்.

"சவேரியான் வீட்டுக்குக் கொண்டு போங்க. தண்ணி மாத்தணும். நான் சொல்லி அனுப்புறவரைக்கும் அங்கேயே இருங்க."

"மீன் இருந்தாப் போதாதா? நான் எதுக்கு?"

"பழகாத இடம். தனியா இருந்தாப் பயப்படும்," என்றார் அம்மை.

சவேரியான் வீடு ஒற்றை அறை. முன்புறம் ஓலை இறக்கிய ஒரு சாய்ப்பு. அதில் வலை குவிந்து கிடந்தது. வாளியோடு நின்ற திருமேனியைப் பார்த்ததும் பிரகாசி ஒன்றும் கேட்காமல் வலையைச் சுருட்டி ஓரத்தில் வைத்து, அங்கே பாய் விரித்தாள். சவேரியான் தலையணையை எடுத்துக்கொண்டு மணலுக்குப் போனார்.

"இது நீங்க படுக்குற இடமா?" என்று கேட்டார் திருமேனி.

"நேத்து வரைக்கும்," என்றார் சவேரியான்.

எத்தனை நாள் இருப்பார் என்று அவ்வீட்டில் எவரும் கேட்கவில்லை. யாராவது கடந்தால் திருமேனி காலை மடக்கிக்கொண்டார். கொடுத்த தம்ளரில் குடித்தார். சோறு வைக்கும்போதும் பாய் விரிக்கும்போதும் அவர் கை தானாகக் கூப்பிக்கொண்டது.

"ஒரு செம்புத் தண்ணிக்கு எத்தன தடவ கும்புடுவிய?" என்றாள் பிரகாசி. "கோயில் பூசையிலயே நாங்க இம்புட்டுக் கும்புடுறதில்ல."

திருமேனி சிரித்தார். வெகுநாள் கழித்துச் சிரித்தார். வாளிக்குள் நீல மீன் அடியில் சுற்றி வந்துகொண்டிருந்தது. விரட்ட அங்கே எவரும் இல்லை.

பிறகு அம்மையிடமிருந்து ஆள் வந்தது.

வாளியோடு மடத்துக்குத் திரும்பியவர் தொட்டியைக் கண்டு நின்றுவிட்டார். நடுக் குகையைக் காணோம். கற்கள் இருபுறமும் வேறு விதமாக அடுக்கப்பட்டிருந்தன. இடப்பக்கம் வண்ணாத்தி மீன்கள் இரண்டு மேய்ந்தன. வலப்பக்கத்துக் கல்லில் கிளிமீன் சுரண்டிக்கொண்டிருந்தது.

"இதெல்லாம் நான் விட்டுப் பாத்த மீனுங்கதானே அம்மை?"

"அதே சாதிதான். சவேரியான் கொண்டுவந்தார். விடுங்க."

திருமேனி வாளியை மெல்லச் சாய்த்தார். நீல மீன் நேராக நடுவுக்குப் போயிற்று. அங்கே வெறும் மணல். ஒரு வட்டம் சுற்றியது. கிளிமீன் பக்கத்தில் வந்து பார்த்துவிட்டுத் தன் கல்லுக்குத் திரும்பியது. நீல மீன் ஒருமுறை அதன்மேல் பாய்ந்தது, பாதியில் நின்றது. யார் வீட்டில் இருக்கிறோம் என்று தெரியாததுபோல் சற்று நேரம் அசையாமல் இருந்தது. இடப்பக்கக் கல்லில் ஒரு சிறு இடுக்கு. வண்ணாத்தி மீன் சற்றே விலகியது. நீல மீன் அந்த இடுக்குக்குள் போயிற்று.

திருமேனி நெடுநேரம் குனிந்தே இருந்தார். பிறகு நிமிர்ந்தார்.

கூடத்திலும் பாய்கள் இடம் மாறியிருந்தன. தெற்குத் தூணில் சாய்ந்திருந்த பேச்சிமுத்து பதறி எழுந்து பாயைச் சுருட்டினார்.

"வாங்க அண்ணாச்சி, உங்க எடம். எளைப்புக்கு நல்லதுன்னு அம்மைதான் இங்க படுக்கச் சொன்னாங்க."

"இருங்க, பேச்சிமுத்து."

"இல்ல அண்ணாச்சி..."

"இருங்கன்னு சொல்றேன்ல. விரிங்க."

திருமேனி வாசலோரமாகப் போய் அமர்ந்தார். உடனே பழைய நடத்துநர் குரல் கூடமெங்கும் எழுந்தது.

"படியில நிக்காதிய! உள்ள தள்ளி வாங்க அண்ணாச்சி, எடம் நெறைய கெடக்கு!"

திருமேனி உள்ளே தள்ளி அமர்ந்தார். அவர் கை தானாகக் கூப்பிக்கொண்டது. தெற்கிலிருந்து வந்த காற்று பேச்சிமுத்துவின் துண்டை அசைத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவருக்குத் தாம் இங்கு வந்த நாள் நினைவு வந்தது. மனைவியை அடக்கம் செய்த வாரம். எங்கே போகிறோம் என்று தெரியாமல் நடந்து, இந்த வாசலில் விழுந்தது. கண் விழித்தபோது அந்தத் தூணடியில் கிடந்தது. முகத்தில் பட்ட இதே காற்று.

அம்மை தொட்டியருகே நின்று மீன்களுக்கு இரை தூவிக்கொண்டிருந்தார்.

"அம்மை."

"சொல்லுங்க."

"நான் வர்றதுக்கு முந்தி, அந்தத் தூணடி யாரோட இடம்?"

அம்மை கையில் இருந்த கடைசி இரையை நீல மீனின் இடுக்குப் பக்கமாகத் தூவினார்.

"கூடத்துல காத்து வர்றது அங்க மட்டும்தான்," என்றார். "நீங்க வந்த அன்னைக்கு உங்களுக்குக் காய்ச்சல். நான் பாயைச் சுருட்டிக்கிட்டேன்."