பதினெட்டாவது வரி

ஒரு காட்டின் நடுவே ஓடிய ஆற்றில் ஒரு மணல்திட்டு இருந்தது. மான்களும் முயல்களும் அங்கே மேய்ந்துகொண்டிருந்தபோது மேற்கே மழை கொட்டி, வெள்ளம் வந்துவிட்டது. நாலு பக்கமும் தண்ணீர்!

நல்ல வேளை, மடுவன் என்ற நீர்நாயிடம் ஒரு பரிசல் இருந்தது. அதன் கயிற்றைப் பல்லில் கவ்வி, நீந்தியே அக்கரைக்கு இழுத்துப் போகும். பரிசலின் வெளிப்பக்கத்தில் விளிம்புவரை பதினெட்டு வரி கீறியிருந்தது. வெறும் பரிசலில் ஒரு வரிகூட முழுகாது; பாரம் ஏற ஏற வரிகள் ஒவ்வொன்றாக முழுகும். பதினெட்டைத் தாண்டினால் தண்ணீர் குபுகுபுவென்று உள்ளே பாயும். அப்புறம் பரிசலும் இல்லை, ஏறினவர்களும் இல்லை.

மடுவனுக்கு ஒரே சட்டம். "நடைக்கு ஐந்து தலை. ஆறாவது தலை கிடையாது!"

மான்கள் எல்லாம் ஒரே கனம். முயல்களும் அப்படியே. முதல் நடையில் இரண்டு மானும் மூன்று முயலும் போயின. பதினாறு வரி முழுகியது. அடுத்த நடையில் ஒரு மானும் நான்கு முயலும், பதின்மூன்று வரி.

வெடுக்கி என்ற முயல் இரண்டையும் கவனித்து வைத்துக்கொண்டது. மூக்குமேல் கோபம் வரும் முயல் அது. நரியோடு மல்லுக்கட்டி வளர்ந்ததால், எதையும் யார் சொல்லியும் நம்பாது. தானே பார்த்தால்தான் நம்பும்.

மூன்றாவது நடையில் இரண்டு மானும் மூன்று முயலும் ஏறின. கடைசியாக மிஞ்சிய வெடுக்கியும் ஏறக் காலைத் தூக்கியது.

"நில்லு! ஐந்து தலை ஆச்சு," என்றது மடுவன்.

அந்த நேரம் பார்த்து ஆற்றுக்கு மேற்கே இருந்த ஏரியின் கரை உடைந்தது. திடுதிடுவென்று சத்தம்!

"அடுத்த நடைக்குத் திட்டே இருக்காது! என்னை விட்டுவிட்டா போவாய்?" என்று கத்தியது வெடுக்கி.

"இழு மடுவா! இந்த ஒண்ணுக்காக நாங்களும் சாகணுமா?" என்று பரிசலிலிருந்து ஒரு மான் அலறியது.

வெடுக்கிக்கு மீசை துடித்தது. "வாயை மூடு! மடுவா, இப்போது எத்தனை வரி முழுகியிருக்கிறது?"

"பதினாறு."

"மீதி இரண்டு இருக்கிறதே!"

"நீ எத்தனை வரி முழுக்குவாய் என்று எனக்குத் தெரியுமா? ஏற்றிப் பார்த்து, கவிழ்ந்த பிறகா இறக்குவது?"

"ஏறாமலே சொல்கிறேன். முதல் நடையைவிட இரண்டாவதில் ஒரு மான் குறைவு, ஒரு முயல் அதிகம். வரி எத்தனை குறைந்தது?"

மடுவன் விரல் மடக்கியது. "மூன்று."

"அப்படியென்றால் மான் இறங்கி முயல் ஏறினால் மூன்று வரி மிச்சம். முதல் நடையில் இரண்டு மானுக்கும் பதிலாக முயலே ஏறியிருந்தால்?"

"ஆறு வரி மிச்சம். பதினாறில் ஆறு போனால்... பத்து!"

"பத்து வரிக்கு எத்தனை முயல்?"

"ஐந்து." மடுவனின் கண் விரிந்தது. "அடேயப்பா! ஒரு முயலுக்கு இரண்டே வரி!"

"மானுக்கு ஐந்து. போட்டுப் பார், இரண்டு நடைக்கும் சரியாக வரும்!"

மடுவன் முணுமுணுத்தது. இரண்டு மானுக்குப் பத்து, மூன்று முயலுக்கு ஆறு, பதினாறு. ஒரு மானுக்கு ஐந்து, நான்கு முயலுக்கு எட்டு, பதின்மூன்று. அப்படியே வந்தது!

"ஏறித் தொலை!"

வெடுக்கி மெல்லக் கால் வைத்தது. பதினேழாவது வரி முழுகியது. பதினெட்டும் முழுகியது. தண்ணீர் விளிம்பைத் தொட்டுக்கொண்டு... நின்றது! மடுவன் கயிற்றைக் கவ்வி ஒரே இழுப்பாக இழுத்தது. அக்கரையில் எல்லாரும் குதித்ததும் திரும்பிப் பார்த்தார்கள். திட்டைக் காணோம்!

மடுவன் மார்தட்டியது. "இன்றுமுதல் சட்டத்தை மாற்றிவிட்டேன். நடைக்கு ஆறு தலை!"

வெடுக்கி எகிறிக் குதித்தது. "அட மண்டூகமே! ஆறும் மானாக வந்தால் முப்பது வரி! மொத்தப் பேரும் முதலைக்குச் சாப்பாடு! தலையை எண்ணாதே, யாருடைய தலை என்று பார்!"

நீதி: எண்ணிக்கையை மட்டும் பார்த்து முடிவு கட்டாதே, தெரிந்த இரண்டை அருகருகே வைத்துப் பார்த்தால் தெரியாததும் தெரிந்துவிடும்.