மைலேஜ் கேட்காத கரடி

கூந்தல்மலைக் காட்டில் கொம்பையா என்றொரு கரடி இருந்தது. அதனிடம் ஒரு சின்னக் கார் இருந்தது. கோடையில் காட்டுக் குளம் வற்றிவிடும். அப்போது நடக்க முடியாதவர்களை எல்லாம் கொம்பையாதான் காரில் ஏற்றி, மலைக்கு அந்தப் பக்கம் ஓடும் ஆற்றுக்குக் கொண்டுபோகும். ஒரு படி இலுப்பெண்ணெய் ஊற்றினால் போதும், போய்விட்டுத் திரும்பிவிடலாம்.

என்ன, வண்டி கொஞ்சம் மெதுவாகப் போகும். போன கோடையில் ஒரு குரங்கு மரத்துக்கு மரம் தாவியே அதை முந்திவிட்டது. முந்தினதோடு விட்டதா? திரும்பிப் பார்த்து, "என்ன மாமா, தள்ளி விடட்டுமா?" என்று வேறு கேட்டது. கொம்பையா நல்ல மனசுக்காரக் கரடிதான், ஆனால் ரோஷக்காரக் கரடி. அந்த ஒரு பேச்சு அதற்கு வருஷம் பூராவும் உறுத்திக்கொண்டே இருந்தது.

இந்தக் கோடையில் நரி மாயாண்டியின் கடைக்கு இரண்டு பெரிய கார்கள் வந்து இறங்கின. அப்படி ஒரு நீளம்! உறுமினால் புலியே ஒதுங்கிப் போகும். கொம்பையா தன் சிநேகிதன் முள்ளம்பன்றி சடையனைக் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனது.

"விலை முப்பது குடம் தேன். உங்க பழைய வண்டியைக் குடுத்தா இருபதே போதும் அண்ணே," என்றது மாயாண்டி. "பத்து எண்ணுறதுக்குள்ள மலையடிவாரத்துல நிக்கலாம்."

கொம்பையாவிடம் இருந்ததே இருபது குடம்தான். ஒரு வருஷத்துச் சேமிப்பு.

"அதெல்லாம் சரி," என்றது சடையன். "ஒரு படிக்கு எவ்வளவு குடுக்கும்?"

மாயாண்டி லேசாகச் சிரித்தது. "இந்த மாதிரி வண்டி எடுக்க வர்றவங்க மைலேஜ் எல்லாம் கேக்க மாட்டாங்க."

கொம்பையாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "நீ சும்மா இரு. மானத்தை வாங்காதே," என்று சடையனைக் காலால் இடித்தது. இடித்த காலில் முள் ஏறியது. அதைக்கூட வெளியே காட்டிக்கொள்ளவில்லை. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, வண்டியை எடுத்து வந்துவிட்டது.

நாலாம் நாள் குளம் வற்றியது. செவந்தி என்ற மான் நிறைமாதக் கர்ப்பிணி. அதோடு நடை தளர்ந்த இரண்டு கிழ ஆமைகள். மூவரையும் ஏற்றிக்கொண்டது கொம்பையா. வீட்டில் இருந்தது இரண்டு படி எண்ணெய். மேற்கொண்டு வாங்கத் தேன் இல்லை. சின்ன வண்டிக்கே ஒரு படி போதுமே, இதற்கு இரண்டு தாராளம் என்று நினைத்து ஊற்றியது.

வழியில் அந்தக் குரங்கை முந்தியது பாருங்கள், அந்த ஒரு நிமிஷத்துக்கு இருபது குடமும் தகும் என்று தோன்றியது கொம்பையாவுக்கு. பாதி மலையில் வண்டிக்குள் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. அதுவும் ஒரு அழகு போல என்று விட்டுவிட்டது. அடுத்த வளைவில் எண்ணெய் தீர்ந்து வண்டி நின்றுபோனது.

உச்சி வெயில். நிழல் இல்லை. செவந்திக்கு நாக்கு வறண்டு பேச்சே வரவில்லை. "தம்பி, நாங்க வேணா இறங்கி நடக்கவா?" என்று கேட்டது ஒரு ஆமை. கொம்பையா தள்ளிப் பார்த்தது. அந்தப் பெரிய வண்டி அசைந்து கொடுக்குமா? "ஐயோ, நான் நல்லா இருந்தவங்களைக் கொண்டுவந்து நடுவழியில விட்டுட்டேனே," என்று தரையில் உட்கார்ந்து அழுதது.

அப்போது கீழேயிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது. கொம்பையாவின் பழைய கார். ஓட்டி வந்தது மாயாண்டி. பின் சீட்டில் தண்ணீர் பிடிக்கக் காலிக் குடங்கள்.

"நீ எதுக்குடா இதுல வர்றே? உன் கடையில இன்னொரு பெரிய வண்டி நிக்குதே?" என்றது கொம்பையா.

மாயாண்டி தலையைச் சொறிந்தது. "அது குடிக்கிற எண்ணெய்க்கு எனக்குக் கட்டுப்படி ஆகாது அண்ணே."

"அதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க கேக்கலையே."

"சடையன் கேட்டானே."

"நீங்கதானே அண்ணே அவன் வாயை அடைச்சீங்க."

செவந்தியைப் பார்த்ததும் மாயாண்டிக்கு முகம் மாறிவிட்டது. மளமளவென்று குடங்களை இறக்கி வைத்துவிட்டு, சாவியை நீட்டியது. "தப்பு என் மேலயும் இருக்கு. முதல்ல இவங்களைக் கூட்டிட்டுப் போங்க."

சின்னக் கார் முக்கி முனகி மலை ஏறி இறங்கியது. செவந்தி வயிறு நிறையத் தண்ணீர் குடித்தது. அன்று சாயங்காலமே ஆற்றங்கரையில் குட்டி போட்டது.

பெரிய கார் கடைக்கே திரும்பியது, சின்னக் கார் கொம்பையாவிடமே வந்து சேர்ந்தது. இருபது குடத்தில் பன்னிரண்டுதான் கொம்பையாவுக்குத் திரும்பக் கிடைத்தது. எட்டுக் குடம் போனது போனதுதான். மறுநாள் மலைப்பாதையில் குரங்கு மறுபடியும் முந்தியது.

"என்ன மாமா, தள்ளி விடட்டுமா?"

"வேண்டாம் மாப்ளே," என்றது கொம்பையா. "ஒரு படியில போயிட்டு வந்துடுவேன்."

ஒரு பொருளை வாங்கும்போது அதன் விலையை மட்டும் கேட்டால் போதாது, அதைக் கட்டி மேய்க்க எவ்வளவு ஆகும் என்று கேட்கவும் வெட்கப்படக் கூடாது.