பெரிய சிப்பின் ஸ்டிக்கர்

கல்யாண வீடியோ எடுக்கும் குலசேகரனுக்குத் தனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்ற மிதப்பு. கம்ப்யூட்டர் கடைக்கு வந்து, “இருக்கிறதிலேயே விலை கூடின சிப் போடு. மொத்தம் அறுபதாயிரம்தான். வேகம் பறக்கணும்” என்றார்.

அசெம்பிள் செய்யும் ரெஜினா, “சிப்பே காசை முழுங்கிட்டா மெமரிக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் எங்க சார் போறது?” என்றாள்.

“சொன்னதைச் செய். பறக்கலேன்னா உன் வேலைக்கு உலை வச்சிடுவேன்!”

செய்தாள். கூடவே நடுத்தர சிப், தாராளமான மெமரி, நல்ல கார்டு போட்டு அதே விலையில் இன்னொன்றும் செய்தாள். சிப்பின் பெயர் போட்ட முகப்பு ஸ்டிக்கர்களை மட்டும் ஒன்றுக்கொன்று மாற்றி ஒட்டினாள்.

ஒரே கல்யாண வீடியோவை இரண்டிலும் ஓட்டினார்கள். ஒன்றில் தாலி கட்டி, பந்தி முடிந்து, மறுவீடும் போயாச்சு. மற்றதில் படம் திக்கித் திக்கி, மாப்பிள்ளை இன்னும் தாலியும் கையுமாக நின்றார்.

“பாத்தியா, பெரிய சிப்பு!” என்று ஜெயித்த பெட்டியின் ஸ்டிக்கரைத் தட்டிக்கொடுத்தார் குலசேகரன்.

ரெஜினா மூடியைக் கழற்றிக் காட்டினாள். “பெரிய சிப்பு அங்க மாப்பிள்ளையோட நிக்குது சார். இங்க இருக்கிறது அதோட ஸ்டிக்கர் மட்டும்தான். ஆசைப்பட்டுட்டீங்க, ஸ்டிக்கரை ஓசியாவே வச்சுக்கங்க.”