தாரிணி ஏறிய மலை

சேவற்கரட்டு மலையடியில் ஒரு குடில். அதில் அருளம்மை என்ற துறவி இருந்தார். அவருக்கு முப்பத்தாறு வயது. அவருடைய சீடர் நாச்சிமுத்துவுக்கோ ஐம்பத்து மூன்று. குருவைவிடச் சீடருக்குத்தான் நரை அதிகம் என்று ஊரில் கேலி பேசுவார்கள். இருவரும் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

ஒரு நாள் நாச்சிமுத்து கேட்டார்.

"அம்மா, கோவத்த விட்டனுங்க. சீட்டாட்டத்த விட்டனுங்க. காப்பியக்கூட விட்டுட்டனுங்க. இந்தப் பெருமை மட்டும் போக மாட்டேங்குது. எப்படீங்க விடறது?"

"எதப் பத்தின பெருமைங்கண்ணா?"

"எம் புள்ளையப் பத்தித்தானுங்க."

அருளம்மை சிரித்தார். "வெள்ளிக்கெழம மலை ஏறறீங்கல்ல? நானும் வாரேன்."

நாச்சிமுத்துவின் மகள் தாரிணி, கல்யாணமாகிப் பதினாறு வருஷம் கழித்துப் பிறந்தவள். இரண்டு வயது வரை அவள் நடக்கவில்லை. போகாத ஆஸ்பத்திரி இல்லை. பிறகு ஒரு நாள், யாரும் கேட்காதபோது, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். இப்போது இரண்டே முக்கால் வயது.

அந்த மலைக் கோயிலுக்கு ஒரு வழக்கம் உண்டு. வேண்டிப் பெற்ற பிள்ளை முதல் முடி கொடுக்க வரும்போது, தன் காலாலேயே ஏறி வர வேண்டும். வழியில் உட்காரலாம், தவழலாம், தூங்கவும் செய்யலாம். யாரும் தூக்கக் கூடாது. தூக்கிவிட்டால் அடியிலிருந்து மறுபடி.

"அந்தக் காலை வெச்சுட்டு அது எங்கடா ஏறும்? தோள்ல போட்டுட்டு ஏறீரு. சாமி கோவிச்சுக்காது" என்று நாச்சிமுத்துவின் அண்ணன் சென்னியப்பன் ஒரு விருந்தில் சொல்லிவிட்டார். பாசத்தில்தான் சொன்னார். ஆனால் பந்தி முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"எம் புள்ள நடந்து வருவா. மேல நின்னு பாருங்க" என்றார் நாச்சிமுத்து.

அதனால் வெள்ளிக்கிழமை காலையில் சொந்தபந்தம் நாற்பது பேர் மலை உச்சியில் மேளத்தோடு காத்திருந்தார்கள். அண்ணனைப் பார்த்துச் சொல்வதற்கு நாச்சிமுத்து ஒரு வார்த்தையை மூன்று மாதமாகத் தயார் செய்து வைத்திருந்தார்.

பொழுது விடிந்ததும் ஏறத் தொடங்கினார்கள். நாச்சிமுத்து, அவர் மனைவி மயிலாத்தாள், அருளம்மை, தாரிணி. கூடவே குடிலின் இரண்டு நாய்கள். கறுப்பி இளசு, முன்னால் ஓடி, திரும்பி வந்து, மறுபடி ஓடியது. செவலை கிழம், பின்னங்கால் ஒன்றை இழுத்து இழுத்து வந்தது.

தாரிணிக்கு அவசரமே இல்லை. ஒவ்வொரு படியிலும் கையை ஊன்றி, காலைத் தூக்கி வைத்து, நிமிர்ந்து நின்று சுற்றிலும் பார்த்தாள். எறும்பு வரிசையைக் கண்டால் உட்கார்ந்துவிட்டாள். செவலை பின்தங்கினால், அது வரும் வரை அசையவில்லை.

"நட சாமி, நட கண்ணு" என்றார் நாச்சிமுத்து. பத்துப் படிக்கொரு முறை வெயிலைப் பார்த்தார். உச்சிப் பூஜை முடிந்தால் நடை சாத்திவிடுவார்கள்.

பாதிக்கு மேல் ஆளேறிப் பாறை. அதில் ஏழு படிகள் வெட்டியிருந்தார்கள். ஒவ்வொன்றும் தாரிணியின் இடுப்புக்கு மேல் இருந்தது. அவள் அடியில் உட்கார்ந்து பின்னால் பார்த்தாள். செவலை இன்னும் வளைவில் வந்துகொண்டிருந்தது.

மேலே உச்சிப் பூஜைக்கு முதல் மணி அடித்தது. நாச்சிமுத்து அண்ணாந்து பார்த்தார். அந்தப் பாறை உச்சியிலிருந்து தெரியாது. மகளை அள்ளினார். ஏழே தாவல். மேலே இறக்கிவிட்டார்.

"ஏனுங்க!" என்றாள் மயிலாத்தாள்.



தாரிணி அழவில்லை. கீழே பார்த்தாள். செவலை முதல் படியின் அடியில் நின்று முனகியது. அவள் குப்புறப் படுத்து, காலைத் தொங்கவிட்டு, ஒவ்வொரு படியாகச் சறுக்கி இறங்கினாள். அடிக்கு வந்து செவலையின் காதைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு திரும்பி, முதல் படியில் நெஞ்சை அழுத்தி, ஒரு முழங்காலை மேலே போட்டாள்.

ஒரு படி அவள், ஒரு படி செவலை. நான்காவது படியில் வழுக்கி அவள் முழங்கால் சிராய்த்தது. நாச்சிமுத்துவின் கைகள் தாமாக நீண்டன. அருளம்மை அந்தக் கைகளைப் பார்த்தார். கைகள் மடங்கிக்கொண்டன.

ஏழாவது படியில் தாரிணி எழுந்து நின்றாள். தனக்குத் தானே கை தட்டிக்கொண்டாள். செவலை வந்து சேர்ந்ததும் அதற்கும் தட்டினாள். இதைச் சொல்கிற எனக்கே நெஞ்சு நிமிர்கிறது; பெற்றவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

மயிலாத்தாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நாச்சிமுத்துவின் முகம் மட்டும் கறுத்துப் போயிருந்தது.

"தூக்கிட்டனுங்களே, அம்மா. மறுபடியும் அடியிலிருந்து ஏறோணும். புள்ள தாங்குமாங்க?"

"தூக்குனது யாருங்கண்ணா?"

"நானுங்க."

"அப்போ நீங்க எறங்குங்க."

"புள்ள?"

"அவ எறங்க வேண்டியத எறங்கிட்டா."

நாச்சிமுத்து உச்சியைப் பார்த்தார். "அவ மேல ஏறி நிக்கறப்ப நான் அங்க இருக்க மாட்டனுங்களே, அம்மா."

"இருக்க மாட்டீங்க."

துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டினார். பிறகு மகளின் தலையைத் தொட்டுவிட்டு இறங்கினார். கறுப்பி எதற்கென்று தெரியாமலே அவர் பின்னால் ஓடியது.

மலையடிக்கு வந்து, முதல் படியைத் தொட்டுக் கும்பிட்டு, மறுபடி ஏறத் தொடங்கினார். இந்த முறை வெயிலைப் பார்க்கவில்லை. மூச்சிரைத்து அவர் ஒரு வேப்பமர நிழலில் நின்றபோது, மேலே மேளம் முழங்கியது.

நாச்சிமுத்து அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். கண்ணீர் தாடையில் இறங்கியது. துடைக்கத் தோன்றவில்லை.

"ஏறிட்டா" என்றார். கறுப்பி மட்டும்தான் பக்கத்தில் இருந்தது. "எம் புள்ள ஏறிட்டா!"

அவர் உச்சிக்குப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. மொட்டைத் தலையில் சந்தனத்தோடு தாரிணி தாய்மாமன் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். பந்தியில் கடைசி ஆட்கள் கை கழுவிக்கொண்டிருந்தார்கள்.

சென்னியப்பன் ஓடி வந்து தோளைப் பிடித்து உலுக்கினார். "எங்கடா போய்த் தொலைஞ்ச? கடைசிப் படியில ஒத்தக் கைய ஊனிட்டு வந்து நின்னா பாரு! நான் சொன்னது தப்புடா. நீ பாக்காமப் போயிட்டயே!"

நாச்சிமுத்து வாயைத் திறந்தார். மூன்று மாதமாக வைத்திருந்த வார்த்தை அங்கே இல்லை.

"அப்படீங்களாண்ணா?" என்றார். "எப்படி வந்தா? நீங்க சொல்லுங்க."

சென்னியப்பன் சொன்னார். ஒரு முறை சொல்லி முடித்து, கையை ஊன்றிக் காட்டி இன்னொரு முறையும் சொன்னார். நாச்சிமுத்து இரண்டு முறையும் புதிதாகக் கேட்டார்.

பிறகு அருளம்மை அவருக்கு இலை போட்டுப் பொங்கல் வைத்தார். நாச்சிமுத்து சாப்பிடாமல் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, மேளம் கேட்டப்ப நான் பாதி மலையில இருந்தனுங்க. பாக்கறதுக்கு ஒரு மனுசரில்ல. அப்பவும் நெஞ்சு கொள்ளாத பெருமைங்க. எத்தன தடவ ஏறி எறங்குனாலும் இது போகாதாட்ட இருக்குதுங்க."

"அந்தப் பெருமைய அண்ணங்கிட்டச் சொன்னீங்களா?"

"இல்லீங்க."

"ஏன்?"

நாச்சிமுத்து யோசித்தார். "சொல்லோணும்னு தோணலீங்க."

"அப்போ அது இருந்துட்டுப் போகட்டுங்கண்ணா" என்றார் அருளம்மை. "பொங்கல் ஆறுது. சாப்பிடுங்க."