இடது வார்

கருங்கானலுக்கு ஏறும் பாதையில் இடப்பக்கம் பாறை. வலப்பக்கம் ஆகாயம். இரண்டுக்கும் நடுவில் ஒரு குதிரை போகிற அகலத்தைத்தான் மலை மனிதர்களுக்கு விட்டுக்கொடுத்திருந்தது.

அந்தப் பாதையில் மூன்று வருஷமாகச் சடையாண்டி சாம்பி என்ற தன் மட்டக்குதிரையோடு போய்வந்துகொண்டிருந்தார். காலையில் அவரைக்காய் மூட்டைகளை ஏற்றிவிட்டு, தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்து அடிவாரத்துக்கு இறங்குவார். சுமையை இறக்கிப் போட்டதும், திரும்பும் வழியில் அதன் மேலேயே ஏறிக்கொண்டு வருவார்.

அன்று அவர் ஏறி வரவில்லை. குதிரையை இழுத்துக்கொண்டு அடிவாரத்துச் சந்தைப்பேட்டைக்குப் பின்னால் இருந்த மைமூனின் பட்டறைக்குப் போனார்.

மைமூன் ராவுத்தர் வீட்டுப் பெண். சேணம் தைப்பாள், வார் வெட்டுவாள், முரட்டுக் குதிரைகளைப் பழக்கிக் கொடுப்பாள். சடையாண்டியைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். அண்ணன் வெள்ளையன் மலையில் விழுந்து இறந்த பிறகு குதிரைத் தொழில் சடையாண்டியின் தலையில் வந்து விழுந்தபோது, வயிற்றுவாரை எப்படிக் கட்டுவது என்றுகூட அவருக்குத் தெரியாது. ஆறு மாதம் இவள் முன்னால் உட்கார்ந்துதான் கற்றுக்கொண்டார். ஊரில் கேலி பேசினார்கள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், அன்றிலிருந்து இன்றுவரை அவளை வாத்தியாரம்மா என்றே கூப்பிட்டுவந்தார்.

"முள்ளுக் கடிவாளம் ஒண்ணு வேணும், வாத்தியாரம்மா."

அவள் தோலில் துளை போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"யாருக்கு?"

"யாருக்கா? சாம்பிக்குத்தான்."

"வீட்டுல அண்ணிக்கோன்னு நினைச்சேன்."

"அவளுக்கு இருக்கிற முள்ளே போதும்."

மைமூன் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. அதைப் பார்த்ததும் அவள் ஊசியைக் கீழே வைத்தாள்.

"என்ன ஆச்சு, அண்ணே?"

அவர் சொன்னார். மகள் தெய்வானைக்கு ஒரு கால் சூம்பியிருந்தது; மலைப்பாதையில் நடக்க முடியாது. ஆறாம் வகுப்பு அடிவாரத்தில்தான் இருக்கிறது. திங்கட்கிழமை குதிரையில் இறங்கினால் விடுதியில் தங்கிப் படித்துவிட்டு வெள்ளிக்கிழமை மாலை அதே குதிரையில், அப்பாவுக்கு முன்னால் உட்கார்ந்து ஏறி வருவாள். போன வெள்ளிக்கிழமை மூக்குப்பாறை வளைவில் சாம்பி தலையை உதறி முன்னங்கால்களைத் தூக்கிவிட்டது. பிள்ளை சறுக்கினாள். பாவாடை அவர் கையில் சிக்கியதால் பிழைத்தாள்.

"இந்த வாரம் பிள்ளையை அனுப்பலை. வர்ற திங்கட்கிழமைக்குள்ள குதிரை அடங்கணும், இல்லேன்னா படிச்சது போதும்னுட்டா அவங்கம்மா."

"பிள்ளை என்ன சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லலை. புத்தகத்துக்கு அட்டை போடுறா. போட்ட அட்டையைப் பிரிச்சு மறுபடியும் போடுறா. மூணு நாளா அதுதான் வேலை."

மைமூன் எழுந்து வந்து சாம்பியின் நெற்றியைத் தடவினாள். சாம்பல் நிறப் பெட்டைக் குதிரை. கண்ணைப் பாதி மூடிக்கொண்டது.

"பூசாரி வந்து சுழி பார்த்தாரு" என்றார் சடையாண்டி. "கழுத்துக்குக் கீழே ஒரு சுழி இருக்காம். ஏறினவனைத் தள்ளுற சுழியாம்."

"மூணு வருஷமா அந்தச் சுழி எங்கே போயிருந்துச்சு?"



அவள் குதிரையின் வாயில் கிடந்த இரும்பைப் பார்த்தாள். கயிறு போல முறுக்கிய கம்பி.

"இது நான் கொடுத்ததில்லையே."

"சந்தையில வாங்கினேன். உங்ககிட்டே கேக்க வெக்கமா இருந்துச்சு."

"நான் கொடுத்த தடிச்ச கம்பி?"

"ரெண்டு வருஷம் அதுக்குக் கேட்டுச்சு. அப்புறம் கேக்கலை. மெல்லிசு போட்டேன். அது ஆறு மாசம். பிறகுதான் முறுக்கு."

"முறுக்கு எத்தனை நாள்?"

"ஒரு மாசம்."

"முள்ளு பத்து நாள் கேக்கும். பதினோராம் நாள் வந்து என்ன கேப்பீங்க? அதுக்கு மேலே என்கிட்டே இரும்பு இல்லை, அண்ணே. தோல் அறுக்கிற கத்திதான் இருக்கு."

சடையாண்டி தலையைக் குனிந்துகொண்டார். திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பார். அவள் விலை சொல்வது போல அல்லவா சொன்னாள்.

மைமூன் கடிவாளத்தைக் கழற்றினாள். பிறகு உதட்டை ஓரமாக விலக்கினாள்.

"வாய் பார்த்தீங்களா?"

"பல் பார்த்தேன். ஏழு வயசுதான்."

"பல்லை எல்லாரும் பார்ப்பாங்க. முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவுல வெறும் ஈறு இருக்கு பாருங்க. கம்பி உக்கார்ற இடம் அது."

அவர் குனிந்து பார்த்தார். வலப்பக்க ஈறு ரோஜா நிறத்தில் ஈரமாக, நலமாக இருந்தது. மைமூன் மறுபக்கம் வந்து இடது உதட்டை விலக்கப் போனாள். குதிரை அவள் விரல் படுவதற்கு முன்பே தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டது. அவள் அவசரப்படவில்லை. காதருகே ஏதோ பேசிக்கொண்டே இருந்தாள். ஒருவழியாக உதடு விலகியது.

வாயோரம் கிழிந்து, ஆறி, ஆறியதன் மேல் மறுபடியும் கிழிந்திருந்தது. ஈறில் பழுத்த புண்.

சடையாண்டி பின்னால் நகர்ந்தார்.

அவள் கடிவாளத்தின் இரண்டு வார்களையும் அவிழ்த்து, பலகை மேல் பக்கத்தில் பக்கத்தில் நீட்டி வைத்தாள். வலது வார் வெட்டின நாளில் இருந்தது போலவே இருந்தது. இடது வார் கறுத்து, நைந்து, இரண்டு விரற்கடை நீண்டுபோயிருந்தது.

"ரெண்டையும் ஒரே தோலில் ஒரே நாளில் நான்தான் வெட்டினேன்" என்றாள்.

அவர் இடது வாரைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"ஏறும்போது பாறை இடது பக்கம்" என்றார் கடைசியில்.

"ம்."

"பள்ளத்துப் பக்கம் போயிடக் கூடாதேன்னு…"

"ம். வாங்க, கொஞ்ச தூரம் நடப்போம்."

பட்டறையைச் சாத்தினாள். சாம்பிக்கு வாயில் இரும்பு இல்லை. தலைக்கயிற்றை மட்டும் மாட்டி, மீதியைக் கழுத்தில் சுற்றிவிட்டாள். குதிரை தனக்குத் தெரிந்த பாதையில் தானாகவே முன்னால் நடந்தது. அந்த இடது வாரை மைமூன் சடையாண்டியின் இடது மணிக்கட்டில் கட்டினாள். மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டாள்.

"இது என்ன விளையாட்டு, வாத்தியாரம்மா?"

"விளையாட்டுதான். நடங்க."

அவள் பாறையோரம் நடந்தாள். அவர் அவளுக்கு வலப்பக்கம், ஒரு எட்டுப் பின்னால். பத்தடி போனதும் வாரைச் சுண்டி இழுத்தாள். அவர் தடுமாறினார்.

"இழுக்கிறீங்க."

"விழுந்திடுவீங்களோன்னு பயமா இருக்கு."

"ஐம்பது வருஷமா நடக்கிற பாதை."

"தெரியும்" என்றாள். மறுபடியும் இழுத்தாள்.

எதிரே விறகுக் கட்டோடு இறங்கி வந்த இரண்டு பெண்கள் இந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டு ஒதுங்கி நின்றார்கள். "எந்தச் சந்தைக்கு ஓட்டிக்கிட்டுப் போறே, மைமூனு?" என்று ஒருத்தி கேட்டாள். "நல்ல விலை வந்தா இங்கேயே கொடுத்திடுறேன்" என்றாள் மைமூன். "பல்லு எப்படி?" என்றாள் மற்றவள். சடையாண்டிக்குக் காது சுட்டது.

மேலே போகப் போக இழுப்பு வலுத்தது. மணிக்கட்டில் தோல் சிவந்தது. ஒரு தடவை அவர் முழங்கை பாறையில் இடித்துச் சிராய்த்தது. அதன் பிறகு அவரை அறியாமலே அவர் உடம்பு அவளைவிட்டு விலகி விலகி நடந்தது. விலக விலக அவள் இன்னும் இழுத்தாள்.

மூக்குப்பாறை வளைவு வந்தது. அவள் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள்.

அவர் கையை உதறிக்கொண்டு வெளிப்பக்கம் துள்ளினார்.

காலடியில் சரளை உருண்டு விளிம்பைத் தாண்டிப் போனது. அது கீழே விழுந்த சத்தம் கேட்கவே இல்லை. சடையாண்டியின் வலது பாதத்துக்கும் ஆகாயத்துக்கும் நடுவில் மூன்று சாண் இருந்தது.

மைமூன் வாரைக் கீழே விட்டிருந்தாள்.

"ஏன் அந்தப் பக்கம் போனீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"நீங்க இந்தப் பக்கம் இழுத்தீங்க."

சொன்ன வார்த்தை அவர் காதிலேயே விழுந்தது. பாதையின் நடுவுக்கு வந்து பாறையில் கை ஊன்றி நின்றார். மேலே, வளைவின் தொடக்கத்தில் சாம்பி நின்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. பாறையைவிட்டு நன்றாகத் தள்ளி, விளிம்போரமாக.

"பாருங்க, எங்கே நிக்குதுன்னு" என்றார். "எப்பவும் அப்படித்தான். சாவைத் தேடிப் போற மாதிரி."

"சுமை தூக்குற குதிரை எதுவும் பாறையை ஒட்டி நடக்காது, அண்ணே. மூட்டை பாறையில இடிச்சா பாறை நகராது."

"குதிரைதான் நகரும்" என்றார் அவர். கொஞ்சம் கழித்து, "பள்ளத்துப் பக்கம்" என்றார்.

"அதுக்கு அது தெரியும்."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மைமூன் எதிர்ப்பக்கம் ஒரு கல்லில் உட்கார்ந்தாள். கீழே எங்கோ மேகம் ஒன்று காட்டின் மேல் படுத்திருந்தது.

"இந்த இடம்தான்" என்றார் சடையாண்டி. "மழை. அண்ணன் குதிரை மேலே இருந்தான். காய்ச்சல் அவனுக்கு. கயிறு என் கையில இருந்துச்சு. பின்னங்கால் ரெண்டும் வழுக்கிருச்சு. கயிறு என்னையும் இழுத்துச்சு. நான் விட்டுட்டேன்."

அவர் சிவந்த மணிக்கட்டைத் தடவிக்கொண்டார்.

"ஊரில யாருக்கும் தெரியாது. கயிறு அறுந்திருச்சுன்னு சொன்னேன்."

"விடாம இருந்திருந்தா?"

"நானும் போயிருப்பேன்."

"தெய்வானைக்கு அப்போ என்ன வயசு?"

"ஒம்போது."

மைமூன் தலையை ஆட்டினாள்.

"அதுக்கப்புறம் நான் ஒரு நாளும் விடலை, வாத்தியாரம்மா. இந்த வளைவு வந்தா கையை இறுக்கிப் பிடிச்சுக்குவேன்."

"விழுந்தது வேற குதிரை, அண்ணே" என்றாள் மைமூன். "வாய் கிழிஞ்சது இதுக்கு."

சடையாண்டி துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். அவள் மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுது முடிக்கும்வரை ஒரு மனிதரைப் பார்க்காமல் இருக்க அவளுக்குத் தெரிந்திருந்தது.

பிறகு அவர் எழுந்து குதிரையிடம் போனார். புண்பட்ட இடது வாயோரத்தைத் தொடாமல் கழுத்தில் கை வைத்தார். அது அவர் கையை முகர்ந்து பார்த்தது. விலகவில்லை.

"ஏறுங்க" என்றாள் மைமூன்.

"இரும்பு இல்லாமலா?"

"கயிறு இருக்கு. அதையும் பிடிக்க வேண்டாம்."

"கையை என்ன செய்ய?"

"தொடையில வைங்க."

அவர் ஏறினார். சாம்பி நடந்தது. வளைவின் நடுவில் அவருடைய இடது கை தானாக எழுந்தது. அங்கே பிடிக்க எதுவும் இல்லை. கை கொஞ்ச நேரம் காற்றில் நின்றுவிட்டுத் தொடைக்குத் திரும்பியது. குதிரை விளிம்போரமாக, குளம்பை வைத்துப் பார்த்து வைத்துப் பார்த்து நடந்து, வளைவைக் கடந்து, மறுபக்கம் புல்லைக் கண்டதும் நின்றது.

மைமூன் வந்து சேர்ந்தபோது அவர் இறங்கி நின்றுகொண்டிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"அப்போ எந்தக் கடிவாளம் போடட்டும்?"

"புண் ஆற ஒரு மாசம் ஆகும். அதுவரைக்கும் தலைக்கயிறு போதும். அப்புறம் நான் கொடுத்த பழைய தடிச்ச கம்பியே போடுங்க. வாயோரத்துல ஒரு சுருக்கம் விழுந்தா அளவு சரி. ரெண்டு விழுந்தா இறுக்கம். வார் மட்டும் புதுசா வெட்டித் தர்றேன்."

அவர் சரி என்று தலையாட்டினார். ஆனால் போகவில்லை. கயிற்று நுனியைப் பிரித்துப் பிரித்துத் திரித்துக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு நான் மட்டும் இருந்தேன். போனாப் போகுதுன்னு இருந்துட்டேன். திங்கட்கிழமை அவளைக் கொண்டுபோய் விட்டிடுவேன். வெள்ளிக்கிழமை திரும்பும்போது பிள்ளை என் முன்னால உக்காந்திருப்பா. இந்த வளைவு வரும். நீங்க இருக்க மாட்டீங்க. என் கை கேக்காது, வாத்தியாரம்மா. தலைக்கயிறானாலும் இழுத்திடுவேன். அப்போ நான் என்ன செய்யட்டும்?"

மைமூன் இறங்கத் திரும்பியவள் நின்றாள்.

"வளைவு வரும்போது, அன்னைக்குப் பள்ளிக்கூடத்துல என்ன பாடம் நடந்துச்சுன்னு பிள்ளைகிட்டே கேளுங்க" என்றாள். "அது சொல்லி முடிக்கிறதுக்குள்ள வளைவு தாண்டியிருக்கும்."